எஸ்றாவின் இடது கால்

எஸ்றாவின் இடது கால் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க வங்கக்கடல் எஃப்சி கால்பந்து கிளப் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தது.

அவள் பெயர் மெஹருன்னிசா. கோவளத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு ஓர் அறை. வாரத்துக்கு இரண்டு முறை எஸ்றா அங்கே போய் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“நேத்து இடது காலால எத்தனை தடவை அடிச்சீங்க?”

“நாலு தபா, மேடம்.”

“உங்க நிழல் இருபத்தாறு தடவை அடிச்சிருக்கும்.”

எஸ்றாவுக்கு அந்த நிழலைக் கண்டாலே ஆகாது. அவன் ஓடினால் அது இன்னும் வேகமாக ஓடியிருக்கும். அவன் கோல் போட்டால் அது இரண்டு போட்டிருக்கும். அது வியர்ப்பதில்லை, விழுவதில்லை, அவன் ஊரான வியாசர்பாடியில் யாரும் அதை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதில்லை.

இந்தக் காலத்தில் எந்த கிளப்பும் ஆட்டத்தை நேரில் பார்த்து ஆள் எடுப்பதில்லை. ஒரு பனியன் கொடுப்பார்கள். துணிக்குள் நூல் நூலாகக் கருவிகள் ஓடும் பனியன். அதோடு அதே ரகத்தில் ஒரு ஜோடி காலுறை. நாற்பது நாள் அதைப் போட்டுக்கொண்டே ஆட வேண்டும், நடக்க வேண்டும், தூங்க வேண்டும். குளிக்க மட்டும் கழற்றலாம். நாற்பது நாள் முடிந்ததும் மெஷின் அந்த ஆளைப் போலவே ஒரு நிழலைச் செய்து, அதைப் பத்தாயிரம் ஆட்டங்கள் ஆடவிட்டு, இவன் எந்த உயரத்துக்குப் போவான் என்று சொல்லிவிடும். அதை வைத்துத்தான் ஒப்பந்தம்.

எஸ்றாவின் நிழலைப் பார்த்து கிளப்பில் எல்லோரும் வாயடைத்துப் போனார்களாம். வலது கால் பிரமாதம் என்பது ஊருக்கே தெரியும். மெஷின் சொன்னது வேறு. இடது காலும் அதே அளவு பிரமாதம், இதுவரை வெளியே வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு காலும் ஒன்று போல ஆடும் நடுக்கள வீரன் ஆசியாவிலேயே நாலு பேர் இருந்தால் அதிகம். அதனால்தான் இருபத்து மூன்று வயதில், டி.வி.யில் பெயர் ஓடும் அளவுக்கு ஓர் ஒப்பந்தம் அவனுக்குக் கிடைத்தது.

ஒப்பந்தத்துக்குப் பிறகும் பனியனைக் கழற்றக் கூடாது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், நிழலோடு நீ எவ்வளவு ஒத்துப் போனாய் என்று நூற்றுக்கு ஒரு எண் வரும். அதற்கு ஒப்பு என்று பெயர். முதல் ஆட்டத்தில் எஸ்றாவின் ஒப்பு எழுபத்தொன்று. பதினோராவது ஆட்டத்தில் முப்பத்தெட்டு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தின் மறுபார்வை. அதற்கு முந்தைய நாள் ஒரு பயிற்சி ஆட்டம். அதில் அறுபதைத் தொடாவிட்டால் வெளியே அனுப்பிவிடலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அப்படி வெளியே வந்தவனை வேறு எந்த கிளப்பும் தொடுவதில்லை. சொந்த நிழலையே எட்ட முடியாதவனை யார் எடுப்பார்கள்?

அவனைப் போட்டுக் குழப்பியது வேறொன்று. உடம்பில் எந்தக் குறையும் இல்லை. போன வருஷத்தைவிட வேகமாக ஓடினான். ரத்தம், தூக்கம், நாடி எல்லாமே முன்னைவிடத் தேவலை. காலையில் முதல் ஆளாக மைதானத்தில் நின்றான். ஆட்டம் மட்டும் எங்கோ போய்விட்டது. வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் எல்லாப் பைகளையும் திரும்பத் திரும்பத் துழாவுவது போல அவன் தன்னைத் தானே துழாவிக்கொண்டிருந்தான்.

கோச் வர்கீஸுக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. மெஷின் சொல்லிவிட்டது, இடது கால் இருக்கிறது, பையன் ஒளித்து வைத்திருக்கிறான். தினமும் இடது காலால் மட்டும் இருநூறு முறை அடிக்க வைத்தார். அடித்து அடித்து இடது கால் வந்ததோ இல்லையோ, வலது காலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோவாவில் ஓர் ஆட்டம். எதிரே காலி கோல். பந்து நேராக வலது காலுக்கு வந்தது. இதை இடதால் அடிக்க வேண்டுமோ என்று அரை நொடி யோசித்தான். பந்து இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து, அவனைத் தாண்டி, வெளியே போயிற்று. அந்தக் காட்சியை நாட்டில் பார்க்காதவர்கள் இல்லை.

ஊருக்குப் போனபோது முடி வெட்டுகிற சற்குணம், கத்தரியை நிறுத்தாமலே கேட்டார்.

“இன்னா எஸ்றா, கால லாக்கர்ல வெச்சிட்டியா?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எஸ்றாவும் சிரித்தான். கண்ணாடியில் அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை. ஒருவேளை இவர்கள் சொல்வது உண்மைதானோ? பணம் வந்ததும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சொகுசாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதோ? உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடலாம். எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே.

மெஹர் அப்படி நினைக்கவில்லை. அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. கடந்த ஐந்து வருஷத்தில், ஆசிய லீகுகளில், நிழலை வைத்துப் பெரிய ஒப்பந்தம் போட்டவர்கள் அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டு பேரும் முதல் வருஷத்திலேயே இறங்கியிருந்தார்கள்.

“எல்லாரும் என்ன சொல்றாங்க? காசு வந்துடுச்சு, உழைக்க மாட்டேங்கிறாங்கன்னு,” என்றாள். “நான் அளந்து பார்த்தேன். அம்பத்தேழு பேர் முன்னைவிட அதிகமா ஓடறாங்க. யாரும் சோம்பேறி ஆகலை. உழைச்சு உழைச்சு இறங்கறாங்க. இது எனக்குப் புரியவே இல்லை, எஸ்றா.”

படித்த பெண்ணுக்கும் புரியவில்லை என்பதில் அவனுக்கு ஓர் அற்ப ஆறுதல் இருந்தது.

அன்றைக்கு அவள் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். அவனுடைய நாற்பது நாட்கள். கோடு ஒரே சீராகப் போய், இருபத்து மூன்றாவது நாளில் சட்டென்று வளைந்து, முப்பத்தொன்றாவது நாள்வரை வேறு மாதிரி ஓடி, மறுபடி பழையபடி ஆனது.

“இந்த ஒன்பது நாள் என்ன ஆச்சு? நாடித் துடிப்பு குறைஞ்சிருக்கு. ஓடும்போது காலடி ஓர் அங்குலம் நீளமா விழுது. அடிச்சதெல்லாம் இடது கால். இந்த ஒன்பது நாள் ஆடின எஸ்றா எங்கே போனார்?”

எஸ்றா அந்தத் தேதிகளைப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“மேடம், அந்த ஒம்போது நாளும் எனக்கு மஞ்சக்காமாலை.”

மெஹர் பேனாவைக் கீழே வைத்தாள்.

நடந்தது இதுதான். ஏஜெண்டு பனியனைக் கொடுக்கும்போது, ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார். இருபத்து மூன்றாம் நாள் எஸ்றாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். எழுந்து நிற்க முடியவில்லை. அப்போது தணிகாதான் சொன்னான், கொடுடா நான் போட்டுக்கினு போறேன் என்று. அவர்கள் இருவருக்கும் அந்தப் பனியன் ஏதோ வருகைப் பதிவேடு மாதிரிதான் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்காக இன்னொருவன் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதில்லையா? ஒன்பது நாளும் தணிகா எஸ்றாவுக்காக உள்ளேன் ஐயா சொன்னான். அதற்குப் பிறகு இருவருமே அதை மறந்துபோனார்கள்.

“ஆள் மாறினது மெஷினுக்குத் தெரிஞ்சிருக்காதா?” என்று எஸ்றா மெதுவாகக் கேட்டான்.

“ஒரே நாள்ல ஒரு மனுஷன் இவ்வளவு மாற மாட்டான்னு அதுக்கு யாரும் சொல்லித் தரலை. மாறினா, நல்ல ஃபார்ம்ல இருக்கான்னு எடுத்துக்கும்.” மெஹர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “யாரு அந்தத் தணிகா?”

தணிகாசலம். எஸ்றாவுக்கு ஆறு வயதிலிருந்து கூட்டாளி. கோடை விடுமுறையில் சர்ச்சில் ஒரு கால்பந்து முகாம் நடந்தது. பதினோரு ஜோடி பூட்ஸ் வந்தது, பையன்கள் இருபத்திரண்டு பேர். முகாம் நடத்திய உபதேசியார் யோசித்துப் பார்த்து, ஒரு ஜோடிக்கு இரண்டு பேர் என்று பிரித்துக் கொடுத்தார். எஸ்றாவுக்கு வலது, தணிகாவுக்கு இடது. மற்றக் கால் வெறுங்கால். பூட்ஸ் போட்ட காலால்தானே பந்தை அடிக்க முடியும்? ஆறு வருஷம் அப்படியே ஆடினார்கள். கால் வளர வளர உபதேசியார் எங்கிருந்தோ அடுத்த அளவு ஜோடி ஒன்றைத் தேடிக் கொண்டுவருவார். அதையும் அப்படியே பிரித்துக்கொள்வார்கள். பிறகு ஆளுக்கொரு ஜோடி வாங்குகிற வசதி வந்தபோது, எஸ்றாவின் இடது காலும் தணிகாவின் வலது காலும் வெறுமனே நிற்கப் பழகியிருந்தன. எஸ்றா வலப்பக்கம், தணிகா இடப்பக்கம். தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் பதினேழு வருஷம்.

“அப்ப இடது கால் அவரோடது,” என்றாள் மெஹர்.

“ஆமா மேடம்.”

இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் ஏமாற்று என்று ஆகும். ஒப்பந்தம் போவதோடு நிற்காது, கேஸும் வரும். மெஹர் ஒரு வழி சொன்னாள். அந்த ஒன்பது நாளைக் கழித்துவிட்டு, மிச்சம் முப்பத்தொரு நாளை மட்டும் வைத்து நிழலைத் திரும்பச் செய்து பார்ப்பது. இடது கால் அதில் காணாமல் போய்விடும். கருவிக் கோளாறு என்று எழுதி, சின்னதாக, அவனுக்குப் பொருந்துகிற நிழலாக மாற்றிக் கொடுத்துவிடலாம். பெரிய ஒப்பந்தம் சின்ன ஒப்பந்தம் ஆகும். ஆனால் ஆட்டத்தில் இருப்பான்.

அவள் கேட்டது இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எஸ்றா நிம்மதியாகச் சாப்பிட்டான். என்னால் முடியாததை என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். தொலைந்த சாவி அவன் சாவியே இல்லை.

திங்கட்கிழமை மாடிக்குப் போனபோது மெஹரின் முகம் வெளுத்திருந்தது.

“ஒன்பது நாளையும் எடுத்துட்டேன். நாலு தடவை திரும்பச் செஞ்சு பார்த்தேன். இடது கால் அங்கேயேதான் இருக்கு.”

“புரியல மேடம்.”

“எனக்கு மட்டும் புரியுதா? இருபத்தாறு இருபத்தஞ்சு ஆயிருக்கு, அவ்வளவுதான். நீங்க மட்டும் போட்ட அந்த முப்பத்தொரு நாள்ல நீங்க இடது காலால அடிச்சது மொத்தமே பத்தொன்பது தடவை. அதுல பாதி வெளியே போயிருக்கு. ஆனா மெஷின் சொல்லுது, இடது பக்கம் மிகச் சிறப்புன்னு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “உண்மையைச் சொல்லுங்க. வேற யாராச்சும் போட்டாங்களா?”

“சத்தியமா இல்ல.”

“ஒண்ணு நீங்க பொய் சொல்லணும், இல்லை மெஷின் பொய் சொல்லணும். மெஷினுக்குப் பொய் சொல்ல வராது. உங்களைப் பார்த்தா உங்களுக்கும் வராதுன்னு தோணுது.”

எஸ்றா குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். ரப்பர் செருப்புக்குள் அது ஒன்றும் தெரியாதது போல இருந்தது. ஒருவேளை நிஜமாகவே இதற்குள் ஏதாவது இருக்கிறதோ? கோச் சொல்வதுதான் சரியோ? தன் காலைப் பற்றித் தனக்கே தெரியாமல் ஒருவன் இருபத்து மூன்று வருஷம் நடந்துகொண்டிருக்க முடியுமா? மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு கணம் தடுமாறினான்.

அன்று மத்தியானமே வியாசர்பாடிக்குப் போனான். தணிகாவைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் பயிற்சி, பிறகு வெளியூர் ஆட்டங்கள், பிறகு வெட்கம்.

தணிகா தண்ணீர் கேன் வண்டியிலிருந்து கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். எஸ்றாவைப் பார்த்ததும் ஒரு கேனைத் தூக்கி அவன் கையில் கொடுத்து, ரெண்டாவது மாடி, வூட்டம்மா வந்து கதவ தொறப்பாங்க, என்றான். எஸ்றா மறுபேச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது.

“டி.வி.ல பாத்தேன்டா, கோவா மேட்ச்சு,” என்றான் தணிகா. “பந்துக்கு வழி வுட்டு நின்னியே, அத்த. கல்யாண மண்டபத்துல பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி.”

எஸ்றா எல்லாவற்றையும் சொன்னான். பனியன், ஒன்பது நாள், கழித்தும் போகாத இடது கால், வெள்ளிக்கிழமை. தணிகா வண்டிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன டீம்லேர்ந்து தூக்கிட்டாங்க, தெரியுமா?”

எஸ்றாவுக்குத் தெரியாது.

“ஞாயித்துக்கெழம டீம்டா. நம்ம தொட்டி கிரவுண்டு டீம். பாஸ் குடுத்தா எங்கியோ போவுது. அடிச்சா கம்பத்துல படுது. பசங்க சொல்றானுங்க, உன்ன பாத்து வயிறெரிஞ்சிகினு சரியா வெளாடறதில்லன்னு. நானும் அப்டித்தான் போலன்னு வுட்டுட்டேன்.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “நீ கையெய்த்து போட்ட, காசு வந்துச்சு, எறங்கிட்ட. சரி. நான் எந்த பேப்பர்லயும் கையெய்த்து போடலியே, மச்சி. எனக்கு இன்னாத்துக்குடா எறங்குச்சு?”

வண்டியின் முன்சீட்டுக்கு அடியில் பந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். வெயிலில் அங்கே ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள், எஸ்றா என்றதும் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தார்கள்.

முதல் ஐந்து நிமிஷம் இருவரும் மோசமாக ஆடினார்கள். பிறகு எப்போது என்று தெரியவில்லை, எஸ்றா இடது காலை மறந்துபோனான். நிழலையும் மறந்துபோனான். பந்தை வாங்கி, வலப்பக்கம் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போய், திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கம் தட்டிவிட்டான். அது காலியான இடம். பந்து போய்ச் சேர்வதற்குள் காலியாக இல்லை.

ஓர் ஆட்டம் முடிந்ததும், பை கிடந்த இடத்திலிருந்து ஒரு பையன் போனைக் கொண்டுவந்து கொடுத்தான். மெஹர்.

“எங்கே இருக்கீங்க? இங்கே உங்க ஒப்பு எண்பத்தாறு காட்டுது. பனியன் யார் மேல இருக்கு?”

“என் மேலதான் மேடம்.”

“தணிகா போடலையே?”

“இல்ல மேடம். அவன் எதிர்ல நிக்கிறான், பொத்தல் பனியன் போட்டுகினு.”

“இடது காலால எத்தனை தடவை அடிச்சீங்க?”

எஸ்றா யோசித்துப் பார்த்தான். “ஒரு தபா கூட இல்ல.”

எதிர்முனையில் அவள் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வேறு மாதிரி ஒரு கேள்வி வந்தது.

“எஸ்றா, ஆடும்போது நீங்க இடது பக்கம் திரும்பிப் பார்ப்பீங்களா?”

“அங்க இன்னாத்துக்கு மேடம் பாக்கணும்? அங்கதான் தணிகா இருக்கானே.”

லைன் அறுந்துவிட்டதோ என்று எஸ்றா போனைத் தட்டிப் பார்த்தான்.

“மெஷின் உங்களை மட்டும்தான் பார்க்குது,” என்றாள் மெஹர், ஒவ்வொரு வார்த்தையாக. “பக்கத்துல யாருன்னு அதுக்குத் தெரியாது. ஒருத்தன் இடது பக்கத்தைத் திரும்பியே பார்க்காம, அங்கே எதுவும் தப்பா நடக்காதுங்கிற தைரியத்துல ஓடறான். அப்படி ஓடறவனுக்கு இடது கால் ரொம்ப பலமா இருக்கணும். அது கணக்குப் போட்டது அதுதான். நீங்க அடிக்கிற விதத்தை வச்சு இல்லை. நீங்க பயப்படாத விதத்தை வச்சு. ஒப்பும் அதைத்தான் அளக்குது, அடியை இல்லை.”

“அப்ப தணிகா பனியன் போட்டதுனால இல்லியா?”

“போடலைன்னாலும் இதேதான் வந்திருக்கும். இங்கே வந்ததும் உங்க இடது பக்கம் யாரோ நிக்கிறாங்க. நீங்க பார்க்க வேண்டியிருக்கு. பார்க்கிற அந்த அரை நொடியில ஆட்டம் போயிடுது.” அவள் மூச்சை இழுத்துவிட்டாள். “அந்த அறுபத்திரண்டு பேரும் யாரையோ விட்டுட்டு வந்திருக்காங்க, எஸ்றா. அந்த யாரோவை நாங்க ஒரு நாளும் அளக்கலை.”

போனை வைத்த பிறகு எஸ்றா தணிகாவிடம் விஷயத்தைச் சொன்னான். தணிகாவுக்குப் பாதி புரிந்தது. இதுக்கு ஒரு மெஷினாடா, என்று கேட்டுவிட்டுப் பந்தை எடுக்கப் போனான்.

பயிற்சி ஆட்டங்களுக்கு எதிர் அணியில் ஆள் குறைந்தால், உள்ளூர் பையன்கள் சிலரை நாள் கணக்கில் கூப்பிட்டுக்கொள்வது கிளப்பின் வழக்கம். பட்டியல் போடுவது மெஹரின் வேலை. வியாழக்கிழமைப் பட்டியலில் அவள் தணிகாசலம் என்று ஒரு பெயரைச் சேர்த்தாள். அன்று காலை எஸ்றாவின் அணியில் இடப்பக்கம் ஆடுகிறவனுக்கு முழங்கால் வலி என்று ஆயிற்று. வலி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மெஹரும் சொல்லவில்லை. கோச் வேண்டாவெறுப்பாகப் பட்டியலைப் பார்த்து, அந்தப் புதுப் பையனைப் போடு என்றார். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் வாசலிலேயே ஒரு பனியன் கொடுப்பார்கள். தணிகா அதை மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டான்.

அன்று எஸ்றாவின் ஒப்பு எண்பத்தெட்டு.

ஆட்டம் முடிந்ததும் வர்கீஸ் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். இடது காலை ஒளித்து வைத்திருக்கிறான் என்று ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும், தினமும் இருநூறு அடிக்க வைத்தது வீண் போகவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அந்த ஆட்டத்தில் எஸ்றா இடது காலால் பந்தைத் தொட்டது ஒரே முறை. அதுவும் தவறிப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை, பயிற்சி மைதானத்திலிருந்து நேராக வரச் சொன்னார்கள். கிளப் செயலாளர் ராமபத்ரனின் அறை. பளிங்குத் தரையில் எஸ்றாவின் பூட்ஸ் டக்டக்கென்று சத்தம் போட்டது. மேஜை மேல் பாதாம் அல்வா இருந்தது. கோச் ஒரு நாற்காலியில். மெஹர் மூலையில், மடியில் திரையோடு.

ராமபத்ரன் எழுந்து கை கொடுத்தார். “இடது கால் திரும்ப வந்துட்டதுன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்ப்பா. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, அல்வாவை எடுத்துக்கோ.”

எஸ்றா பேனாவை எடுக்கவில்லை. குனிந்து இடது பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தான். கழற்றினான். அல்வாத் தட்டுக்குப் பக்கத்தில், ஒட்டியிருந்த புல்லோடும் மண்ணோடும் வைத்தான்.

“இது என்னுது இல்ல சார். இதுக்குச் சொந்தக்காரன் கேட்டாண்ட நிக்கிறான். தண்ணி கேன் வண்டி உள்ள வரக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க.”

பிறகு மஞ்சள் காமாலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். கோச்சின் முகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நிறம் மாறியது. சொல்லி முடித்து எஸ்றா நிமிர்ந்தான். நல்ல வேளையாக எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தான்.

ராமபத்ரன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ சொல்றது எனக்கு ஒண்ணும் புரியலை. மெஷின் இதை ஓர் ஆள்னுதானே சொல்றது? நான் ஒத்துக்கலைன்னா?”

“ஞாயித்துக்கெழம ஆடறேன் சார், அவன் இல்லாம. முப்பத்தெட்டுதான் வரும். நான் வேணும்னு பண்ண மாட்டேன். அதுவா வரும்.”

அவர் மெஹர் பக்கம் திரும்பினார். “அந்தப் பையனை மட்டும் தனியா எடுத்துண்டா எப்படி?”

“தனியா எடுத்தா அவர் சாதாரணம்தான் சார். நாற்பதைத் தாண்டாது.”

“அப்ப இவன்?”

“தனியா எடுத்தா இவரும் சாதாரணம்தான்.”

அறுபத்திரண்டு கிளப்புகள் அறுபத்திரண்டு பேரைத் திட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில், எண்பத்தெட்டு வாங்குகிறவன் தன்னிடம் இருக்கிறான் என்பது ராமபத்ரனுக்கு மெதுவாக உறைத்தது. மஞ்சள் காமாலைக் கதையை யாரும் இந்த அறைக்கு வெளியே கேட்க வேண்டாம் என்றார். அந்தப் பையனுக்கும் ஒரு பதிவு போட்டுவிடு, சின்னதாக ஓர் ஒப்பந்தம் கொடுத்துவிடலாம் என்றார்.

மெஹர் புதுப் பதிவைத் திறந்தாள். தணிகாசலம் என்று பெயர் அடித்தாள். வியாழக்கிழமை அவன் போட்டிருந்த பனியனின் பதிவை அதில் சேர்த்தாள். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பெயரை அழித்துவிட்டது. அவள் மறுபடி அடித்தாள். அது மறுபடி அழித்துவிட்டது.

“என்ன சொல்றது?” என்றார் ராமபத்ரன்.

மெஹர் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினாள். இந்த வீரர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார், பெயர் எஸ்றா, என்று எழுதியிருந்தது.

“அந்த ஒன்பது நாளும் அதோட ஞாபகத்துல இருக்கு சார். அதுக்கு ரெண்டு பேரும் ஒருத்தர்தான்.”

“ஒரு பதிவுக்கு ஓர் ஒப்பந்தம்தானே போட முடியும்?” ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மெஷினிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாதவரைப் போல இருந்தார். “இதுக்கு நான் என்ன பண்றது?”

எஸ்றா மேஜையிலிருந்து இடது பூட்ஸை எடுத்துக்கொண்டான்.

“ஒன்னு போதும் சார்,” என்றான். “ஒரே சோடிய ரெண்டு பேரு போட்டுக்கறது எங்களுக்குப் பழக்கம்தான்.”

காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். தன் பெயருக்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டு, காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டான். ஒரு கால் டக்கென்றும் மறுகால் சத்தமில்லாமலும் பளிங்குத் தரையைக் கடந்து, கேட்டை நோக்கி இறங்கிப் போனான்.